சீஃப் வந்துவிட்டார்: கமாண்டை எப்போது, எப்படிக் கைமாற்றுவது?

தீயணைப்புத் துறையின் பதவி உயர்வுத் தேர்வு அறையில் ஒரு பெரிய திரை. அதில் மரச்சட்டத்தில் கட்டிய இரண்டடுக்கு வீடு. பின்பக்கச் சமையலறையிலிருந்து கரும்புகை வருகிறது, மேல்மாடி ஜன்னல் ஒன்றிலும் புகை அழுத்தத்தோடு வெளியே தள்ளுகிறது. தேர்வு எழுதுபவர் லெப்டினன்ட், கேப்டன் பதவிக்கு உட்கார்ந்திருக்கிறார். முதலில் வந்த என்ஜினின் (பம்ப்பும் ஹோஸும் உள்ள தீயணைப்பு வண்டி) அதிகாரி அவர்தான் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ரேடியோவில் நிலைமையைச் சொன்னார், கமாண்டை, அதாவது அந்த இடத்தை நடத்தும் தலைமைப் பொறுப்பை, எடுத்துக்கொண்டார், தண்ணீர், தேடுதல், புகை வெளியேற்றம் என்று ஆட்களைப் பிரித்துவிட்டார். பத்து நிமிடம் நன்றாகவே போகிறது. அப்போது மதிப்பீட்டாளர் சொல்கிறார்: "பெட்டாலியன் 2 வந்துவிட்டது. சீஃப் உங்கள் பக்கத்தில் நிற்கிறார்."

பெட்டாலியன் சீஃப் என்றால் கேப்டன்களுக்கு மேலான அதிகாரி. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். சிலர் "சரி சீஃப், இனி உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். சிலர் அழைப்பு வந்த நேரத்திலிருந்து தொடங்கி நடந்த கதை முழுவதையும் ஒப்பிக்கிறார்கள். இன்னும் சிலர், கொடுத்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்து கமாண்டை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மதிப்பெண் போகும். நிஜத் தீயில் இதே மூன்று தவறும் உள்ளே இருக்கும் ஆளின் உயிரைத் தொடும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு புறநகர்த் தீயணைப்புத் துறையில் நான் கேப்டன். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பவர்களோடு வார இறுதிகளில் உட்கார்ந்து பயிற்சி செய்வது சில வருடங்களாகவே பழக்கம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒன்றாகச் சேர்த்தால் இந்தக் கட்டுரை.

கமாண்ட் என்ற ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் 13 நாட்கள் காட்டுத்தீ. 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் அழிந்தன, ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. உதவிக்கு வந்த ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ரேடியோ அலைவரிசை, தனித்தனிப் பெயர்கள், தனித்தனி அதிகாரம். யார் யாருக்குக் கீழே என்றே தெரியாத குழப்பத்திலிருந்து ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டு முயற்சி பிறந்தது. அதன் வழியாக வந்ததுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், சுருக்கமாக ஐசிஎஸ். நகரத்து வீட்டுத் தீக்கு ஏற்றபடி கமாண்ட் முறையை வடிவமைத்ததில் ஃபீனிக்ஸ் நகரின் தீயணைப்புத் தலைவராக நெடுங்காலம் இருந்த ஆலன் புரூனசினிக்குப் பெரிய பங்கு உண்டு. 2003 பிப்ரவரியில் வந்த அதிபரின் உத்தரவும், 2004 மார்ச்சில் அதைத் தொடர்ந்து வெளிவந்த நிம்ஸ் என்ற தேசிய முறையும் இதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கின. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: எந்த நொடியிலும் கமாண்ட் ஒருவரிடம் இருக்க வேண்டும், அது யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கைமாற்றும் அந்த ஒரு நிமிடத்தில் இந்த விதி எளிதாக உடைந்துவிடும்.

முதல் கேப்டன் எங்கே நிற்பது?

கைமாற்றம் சரியாக நடக்குமா என்பது சீஃப் வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. முதலில் வந்து இறங்கும் கேப்டனுக்கு மூன்று வழிகள். ஆட்களோடு தானும் உள்ளே போய், கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு கமாண்டையும் நடத்துவது ஒன்று. இதை ஃபாஸ்ட் அட்டாக் என்பார்கள். வெளியே வண்டியின் பக்கத்தில் நின்று முழு நேரக் கமாண்டராக இருப்பது இன்னொன்று. மூன்றாவது, அடுத்து வரும் அதிகாரியிடம் கமாண்டைத் தள்ளிவிட்டுத் தான் உள்ளே போவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். அடுத்த அதிகாரி அந்த இடத்துக்கு வந்து இறங்கி, "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொன்னால் சரி. வழியில் வந்துகொண்டிருப்பவரிடம் ரேடியோவில் தள்ளிவிட்டால், அவர் வரும் வரை கமாண்ட் யாரிடமும் இல்லை. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அவர் மூன்று நிமிடம் தாமதமானால், உள்ளே இருப்பவர்கள் மூன்று நிமிடம் அநாதை. ஒருமுறை தள்ளப்பட்டதை மறுமுறையும் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். அதனால் பெரும்பாலான துறைகளின் நடைமுறை விதிகள், சம்பவ இடத்தில் இல்லாத ஒருவருக்குக் கமாண்டைக் கொடுக்காதே என்று நேராகவே சொல்கின்றன. தேர்வில் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், "இரண்டாவது என்ஜின் வந்து நின்றுவிட்டது, அதன் கேப்டன் ஒப்புக்கொண்டார்" என்பதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் கிடைக்காது.

மற்ற இரண்டில் எது நல்லது? புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் "வெளியே நிற்பதுதான் சரி" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். வண்டியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1710 தரம் ஒரு என்ஜினுக்குக் குறைந்தது நான்கு பேர் என்கிறது. நிஜத்தில் மூன்று பேரோடு ஓடும் வண்டிகள் நிறைய: ஓட்டுநர், கேப்டன், ஒரு தீயணைப்பு வீரர். ஓட்டுநர் பம்ப்பை விட்டு நகர முடியாது. கேப்டன் வெளியே நின்றால் மிச்சம் ஒரே ஆள், அவரைத் தனியாக உள்ளே அனுப்பவே கூடாது. உள்ளே இருவர் என்றால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்ற ஓஷா (அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதியும் சேர்ந்துகொள்கிறது. கண்ணெதிரே உயிர் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால் மட்டும் அதற்கு விலக்கு. மூன்று பேர் வண்டி, மேல்மாடியில் குழந்தை இருப்பதாக அம்மா கத்துகிறார், இரண்டாவது வண்டி இன்னும் நான்கு நிமிடத்தில்: இங்கே கேப்டன் உள்ளே போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆள் இருந்து, உயிர் ஆபத்து இல்லை, தீ இரண்டு அறைக்கு மேல் பரவியிருக்கிறது என்றால் வெளியே நிற்பதுதான் என் தேர்வு. அப்படிப்பட்ட தீக்கு இன்னும் ஆட்கள் வருவார்கள், வருபவர்களை ஒருவர் நின்று வழிநடத்த வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது கைமாற்றத்தைப் பாதிக்கிறது. கேப்டன் உள்ளே இருந்தால் சீஃப் அவரை முகத்துக்கு முகம் பார்க்க முடியாது. மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் குரல், தண்ணீர் இரைச்சல், புகையில் மறைந்த பாதி வீடு, இவ்வளவுதான் சீஃபுக்குக் கிடைக்கும். ஃபாஸ்ட் அட்டாக் என்று தேர்வில் சொன்னவர், "பெட்டாலியன் வந்ததும் கமாண்டை ரேடியோவில் கொடுப்பேன், அதுவரை இந்த நிலை சில நிமிடங்களுக்கு மட்டும்" என்று தானாகவே சேர்த்துச் சொன்னால், பின்விளைவையும் யோசித்திருக்கிறார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும். அதே 1710 தரத்தில் முதல் என்ஜினின் பயண நேரம் 240 நொடி, முழுப் படையும் வந்து சேர 480 நொடி. கேப்டன் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான்.

நேரிலா, ரேடியோவிலா?

நேரில்தான் என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன, நானும் அதைத்தான் சொல்கிறேன். ஏன் என்பதற்கு என் கையால் நடந்த ஒன்று இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால், பனி கொட்டிய ஓர் இரவு. இரண்டடுக்கு வீடு, கமாண்ட் என்னிடம். கீழே ஒரு குழு ஹோஸோடு உள்ளே போய்விட்டது. வலப்பக்கத்து ஏணி வழியாக மேல்மாடி படுக்கையறைக்கு இரண்டு பேரைத் தேட அனுப்பியிருந்தேன். அப்போது வந்த மேலதிகாரி, தெருமுனையில் நின்ற காரை விட்டு இறங்காமலே ரேடியோவில் கமாண்டை எடுத்துக்கொண்டார். தீ எங்கே, கீழ்க்குழு எங்கே, என்ன வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். மேலே போன இருவரைப் பற்றிச் சொன்ன நேரத்தில் வேறு யாரோ ரேடியோ பட்டனை அமுக்க, என் வார்த்தைகள் அதற்கு அடியில் போய்விட்டன. அவர் "சரி" என்றார். அந்த "சரி" எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நிமிடம், அந்த மேல்மாடி ஜன்னலில் தீ தெரிகிறது என்று வெளியிலிருந்து அதற்குள் தண்ணீர் அடிக்க உத்தரவு போனது. ஜன்னலில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் கத்தியதால் சில நொடிகளில் தண்ணீர் நின்றது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கு நீராவி பட்டு இரண்டு காதுமடலும் கொப்புளித்துவிட்டன. அவர் அடுத்த வாரம் வேலைக்கு வந்தபோது காதில் மருந்துப் பட்டை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, காபி ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த கனம் இன்னும் குறையவில்லை.

நேரில் பேசினால் இரண்டு தலைகளும் ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டு பேசும். "அந்த ஏணி தெரிகிறதா, அதன் வழியாக இருவர்" என்று கையை நீட்டலாம். கமாண்ட் போர்டில், அதுவும் இல்லையென்றால் வண்டிக் கதவில் கிரீஸ் பென்சிலால், எழுதி வைத்ததைக் காட்டலாம். கேட்பவர் முகத்தில் புரிந்ததா இல்லையா என்பது தெரியும். முக்கியமாக, பேசும் அந்த நேரம் முழுவதும் ரேடியோ காலியாக இருக்கும், உள்ளே ஒருவர் மேடே (உயிர் ஆபத்து என்ற அபய அழைப்பு) சொன்னால் கேட்கும். பெரிய சம்பவங்களுக்கு ஐசிஎஸ் 201 என்ற படிவம் இருக்கிறது: வரைபடம், நிலைமைச் சுருக்கம், நோக்கங்கள், யார் யாருக்குக் கீழே, எந்த வண்டிகள் என்று நான்கு பக்கத்தில். வீட்டுத் தீயில் அதை யாரும் நிரப்பப் போவதில்லை. ஆனால் அதன் கட்டங்கள் தலையில் இருந்தால் போர்டில் என்ன எழுத வேண்டும் என்பது தானாக வரும்.

ரேடியோவுக்கு நியாயமான இடமும் உண்டு. கேப்டன் உள்ளே இருக்கும்போது அவரைப் பேச்சுக்காக வெளியே இழுத்தால், ஹோஸ் பிடித்த ஆளைத் தனியாக விடுவதாக ஆகும், இல்லையென்றால் குழுவே வெளியே வர வேண்டும். அங்கே ரேடியோதான் சரி. அப்படியானால் ஒரு நிபந்தனை: வாங்குபவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "என்ஜின் 3 கீழ்த்தளத்தில், லேடர் 1இன் (ஏணி வண்டி) இருவர் மேல்தளத்தில், முதல் தேடுதல் முடியவில்லை, கமாண்ட் என்னிடம்" என்று சீஃப் திருப்பிச் சொன்னால், விடுபட்டது என்ன என்று கேப்டனின் காதுக்கு உடனே தெரிந்துவிடும். அன்றிரவு இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அந்தக் காதுகள் தப்பித்திருக்கும். 1988 ஜூலை 1 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் ஃபோர்டு கார் விற்பனை நிலையத் தீயில் ஐந்து வீரர்கள் இறந்ததைத் தேர்வுக்குப் படிக்கும் எல்லோரும் படிக்கிறார்கள். கூரையின் வளைவுச் சட்டம் சரிந்த கதையாகவே அது பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. உள்ளிருந்து வந்த ரேடியோ அழைப்புகளுக்குப் பதில் போகாத கதையும் அதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே படியுங்கள்.

முதல் வாக்கியம் எது?

இதில்தான் நான் மற்றப் பயிற்சியாளர்களோடு மாறுபடுகிறேன். வழக்கமான பாடம் கேன் வரிசை: நிலைமை, செய்துகொண்டிருப்பது, தேவை. ஒரு குழு கமாண்டுக்குத் தகவல் சொல்ல இது அருமையான வரிசை. கமாண்டையே கைமாற்றும்போது இதையே பயன்படுத்தினால் முதல் பதினைந்து நொடி தீயைப் பற்றிப் போய்விடும். தீயைச் சீஃப் தன் கண்ணாலேயே பார்க்கிறார், புகையின் நிறமும் வேகமும் அவருக்கு என்னைவிட நன்றாகப் புரியும். அவரால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்றுதான்: சுவருக்கு அந்தப் பக்கம் யார், எங்கே, எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள் என்பது. நான் கற்றுக்கொடுக்கும் வரிசையில் ஆட்கள் முதலில். பிறகு அவர்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது, எது முடிந்தது, எது முடியவில்லை. பிறகு ஆபத்து: மின்கம்பி விழுந்திருக்கிறதா, தரை தொய்கிறதா, நிலத்துக்கு அடியில் பேஸ்மென்ட் இருக்கிறதா. கடைசியாகத் தேவை. தீ எங்கே பிடித்தது என்பது இதற்கு நடுவில் ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

திரையில் இருந்த அதே வீட்டுக்கு இப்படி வரும் (சார்லி பக்கம் என்றால் வீட்டின் பின்பக்கம்):

"சீஃப், உள்ளே நான்கு பேர். என்ஜின் 3இன் இருவர் முன்வாசல் வழியாகக் கீழ்த்தளத்தில், ஹோஸோடு, எட்டு நிமிடமாக. லேடர் 1இன் இருவர் மாடிப்படி வழியாக மேலே தேடுகிறார்கள், ஐந்து நிமிடமாக. கீழே முதல் தேடுதல் முடிந்தது, யாரும் இல்லை. மேலே முடியவில்லை. தீ சார்லி பக்கச் சமையலறையில், சுவர் வழியாக மேலே ஏறுகிறது என்று சந்தேகம். மீட்புக் குழுவாக என்ஜின் 5 முன்புறத்தில் தயார். கேஸ் மூடியாகிவிட்டது, மின்சாரம் இன்னும் துண்டிக்கவில்லை. மேல்மாடிக்கு இரண்டாவது ஹோஸ் வேண்டும், இன்னொரு லேடர் வண்டி கேட்டிருக்கிறேன். கடைசி ஆள் கணக்கு இரண்டு நிமிடத்துக்கு முன்னால், எல்லோரும் சரி."

நிதானமாகச் சொன்னாலும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஆகும். நிமிடக் கணக்கை ஏன் சேர்த்தேன் என்றால், ஏர் பாட்டில்தான் உள்ளே இருப்பவரின் கடிகாரம். அரை மணி நேரம் என்று எழுதியிருக்கும் பாட்டில் கடுமையாக உழைக்கும் ஒருவருக்கு அவ்வளவு நேரம் வராது. சீஃப் கமாண்ட் எடுத்த பத்தாவது நிமிடத்தில் யாரை மாற்ற வேண்டும் என்பது இந்த எண்களில் இருக்கிறது.

உங்கள் துறையின் எழுதிய விதி வேறு வரிசையைச் சொன்னால் தேர்வில் அதையே பின்பற்றுங்கள். மதிப்பீட்டாளர் கையில் இருக்கும் தாள் அந்த விதியிலிருந்து எழுதப்பட்டது. நிலைமையை முதலில் சொல்லச் சொன்னால் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு உடனே ஆட்களுக்கு வாருங்கள்.

சீஃப் எடுப்பதா, விடுவதா?

பெட்டாலியன் சீஃப் பதவிக்குத் தேர்வு எழுதுபவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. மேலதிகாரி வந்து நின்றதாலேயே கமாண்ட் தானாக மாறிவிடாது. ஐசிஎஸ் பாடத்தில் அவருக்கு மூன்று வழிகள் தரப்பட்டிருக்கின்றன: விதிப்படி எடுத்துக்கொள்ளலாம், இருப்பவரிடமே விட்டுவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம், தன்னைவிடத் தகுதியான வேறொருவரை வரவழைக்கலாம். மூன்றாவது வீட்டுத் தீயில் அரிது. ரசாயனத் தொழிற்சாலை, ரயில் கவிழ்ந்த இடம் மாதிரிக் கேள்வி வந்தால் நினைவில் வையுங்கள்.

எடுத்துக்கொள்வதில் உள்ள நன்மை வெளிப்படை. சீஃபுக்குக் குழு கிடையாது, அவர் காரில் உட்கார்ந்து அமைதியாக யோசிக்கலாம், அனுபவம் அதிகம். கேப்டன் தன் ஆட்களிடம் திரும்பலாம். குறை என்னவென்றால், பத்து நிமிடமாக கேப்டன் தலைக்குள் உருவான படம் முழுதாகக் கைமாறாது, எப்படிச் சொன்னாலும் கொஞ்சம் சிந்தும். விட்டுவிடுவதில் அந்தப் படம் சிந்தாது, கேப்டனும் வளர்வார். ஆனால் தீ பெரிதாகும்போது, தன்னிடம் இருப்பது கைமீறுகிறது என்பதைக் கேப்டன் கடைசியில்தான் உணர்வார். இன்னொரு ஆபத்தும் உண்டு: எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை என்ற அரைகுறை நிலை. சீஃப் கேப்டனின் பக்கத்தில் நின்றுகொண்டு நேரடியாக ஆட்களுக்கு உத்தரவு கொடுக்கத் தொடங்குவார். ரேடியோவில் கமாண்ட் ஒருவர், தரையில் உத்தரவு இன்னொருவர்.

2007 ஜூன் 18 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சோபா கடைத் தீயில் ஒன்பது வீரர்கள் இறந்தார்கள். உள்ளே சோபாக்கள் நிறைந்த பெரிய கட்டடம், தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை, காரணங்கள் பல. ஒட்டுமொத்த நிலைமையையும் ஒருவர் ஓரிடத்தில் நின்று கையில் வைத்திருக்கும் கமாண்ட் அமைப்பு சரியாக இயங்கவில்லை என்பதும் விசாரணைகளில் வந்த பெரிய குறைகளில் ஒன்று. அங்கே மேலதிகாரிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சீஃப் தேர்வுக்குப் படிப்பவர் மற்ற எந்த அறிக்கையைத் தவிர்த்தாலும் அந்த ஊரின் அறிக்கைகளைத் தவிர்க்கக் கூடாது.

என் முடிவு இது. தீ வளர்ந்துகொண்டிருந்தால், அல்லது இன்னும் வண்டிகள் வரப்போகின்றன என்றால், சீஃப் எடுத்துக்கொள்ள வேண்டும், தயங்கக் கூடாது. தண்ணீர் தீயில் பட்டுவிட்டது, புகை வெள்ளையாகிறது, அடுத்த ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும் என்றால், எடுப்பதில் லாபம் இல்லை. "கமாண்ட் கேப்டனிடமே இருக்கட்டும், நான் பக்கத்தில் பாதுகாப்பைப் பார்க்கிறேன்" என்று ரேடியோவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது தீர்மானம் எடுக்காததாகத்தான் மதிப்பீட்டாளர் தாளில் பதிவாகும்.

நேரமும் முக்கியம். உள்ளே ஒருவர் மேடே சொல்லிய நொடியிலும், எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போதும் கைமாற்றாதீர்கள். அந்த ஆள் கணக்கை யார் தொடங்கினாரோ அவரே முடிக்கட்டும். சீஃப் பக்கத்தில் நின்று எழுதிக்கொடுக்கலாம், இரண்டாவது ரேடியோ அலைவரிசையைக் கவனிக்கலாம். கணக்கு முடிந்ததும் எடுத்துக்கொள்ளட்டும். மேடே என்றால் சீஃப் உடனே எடுக்க வேண்டும் என்று வாதிடும் நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். கேப்டன் குரலிலேயே நடுக்கம் தெரிந்தால் நானும் அவர்கள் பக்கம் போய்விடுவேன். மற்றபடி என் வழி இதுதான்.

எடுத்துக்கொண்டதும் டிஸ்பாட்ச் என்ற கட்டுப்பாட்டு அறைக்கும் தளத்தில் உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு போக வேண்டும்: "மேப்பிள் ஸ்ட்ரீட் கமாண்ட் இப்போது பெட்டாலியன் 2இடம், நேரம் இத்தனை." கமாண்டின் பெயர் தெருவின் பெயராக இருப்பதன் அழகு இங்கேதான் தெரிகிறது. ஆள் மாறினாலும் அழைக்கும் பெயர் மாறுவதில்லை. புகைக்குள் இருப்பவர் புதுப் பெயர் எதையும் நினைவில் வைக்க வேண்டாம், குரல் மட்டும் மாறும். பயிற்சியில் பத்துப் பேரில் பாதிப் பேராவது இந்த அறிவிப்பை மறந்துவிடுகிறார்கள். நன்றாகப் பேசி முடித்த திருப்தியில் மறப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், கமாண்டைக் கொடுத்த கேப்டனை என்ன செய்வது? உடனே அவர் குழுவிடம் அனுப்பலாம், வீட்டின் பின்பக்கத்துக்கு, அதாவது சார்லி பக்கத்துக்குப் பொறுப்பாளராக அனுப்பலாம், சீஃபின் காரிலேயே உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிடம் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சிந்தியது என்ன என்று கேட்க ஆள் அவர்தான். பிறகு சார்லி பக்கம், ஏனென்றால் சீஃபின் கண்ணுக்குத் தெரியாத பக்கம் அது. குழுவிடம் திருப்பி அனுப்புவது கடைசி வழி. மூன்று பேர் வண்டி என்றால் அதுவே முதல் வழி.

தேர்வில் சில சமயம் கடைசிக் கேள்வியாக இது வரும்: தீ அணைந்துவிட்டது, வண்டிகள் திரும்புகின்றன, சீஃபும் கிளம்ப வேண்டும். இப்போது கமாண்ட் கீழ்நோக்கிக் கைமாறுகிறது, அதே கேப்டனிடமோ, கடைசியாக வந்த புதிய குழுவின் கேப்டனிடமோ. களைத்தவரிடம் கொடுப்பதா, நிலைமை தெரியாதவரிடம் கொடுப்பதா? நான் புதியவரிடம் கொடுப்பேன், ஆனால் வீட்டுக்குள் அவரோடு ஒரு சுற்று நடந்த பிறகு. எந்தச் சுவரைத் திறந்து பார்த்தோம், எதைத் திறக்கவில்லை, சமையலறைத் தரையில் எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது, விசாரணை அதிகாரி வரும் வரை எந்த அறையைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ஆட்கள் முதலில் என்ற வரிசை இங்கேயும் மாறாது: உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று சொல்லி, அவர்களை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் சீஃப் காரில் ஏற வேண்டும்.